பேக்கப்பில் உரிமையாளர் தொலையாமல் இருக்க: பல பயனர் கணினிக்கு ஒரு வழிகாட்டி

நான்கு பேர் பயன்படுத்தும் ஒரு லினக்ஸ் கணினியில் டிஸ்க் போய்விட்டது. பேக்கப் இருந்ததால் புது டிஸ்க்கில் எல்லாவற்றையும் திருப்பிப் போட்டாயிற்று. ஒரு ஃபைல்கூடக் குறையவில்லை. ஆனால் ஒருவராலும் தன் ஃபைலைத் திருத்த முடியவில்லை. இல்லையென்றால் அதைவிட மோசம்: ஒருவர் ஃபைலை இன்னொருவர் தாராளமாகத் திறக்கிறார். ஃபைலின் உள்ளடக்கம் வந்து சேர்ந்துவிட்டது, அது யாருடையது என்ற தகவல் வழியில் எங்கோ உதிர்ந்துவிட்டது.

இந்தச் சிக்கலில் எரிச்சலூட்டுவது என்னவென்றால், பேக்கப் எடுக்கும் நாளில் பெரும்பாலும் எந்த எச்சரிக்கையும் வராது. ரீஸ்டோர் செய்யும் நாளில்தான் தெரியும். அதனால் கீழே உள்ள படிகளை வரிசை மாற்றாமல் செய்யுங்கள். 1, 2, 3-ஐ ஒருமுறை ஒழுங்காக முடித்துவிட்டால் மீதி பெரிய வேலை இல்லை.

கட்டளைகளையும் ஆப்ஷன்களையும் ஒலிப்புப்படி தமிழில் கொடுத்திருக்கிறேன். டெர்மினலில் வழக்கமான ஆங்கில எழுத்திலேயே தட்டுங்கள். சிறிய எழுத்தா பெரிய எழுத்தா என்ற குழப்பம் வராமலிருக்க, கூடியவரை நீளமான ஆப்ஷன் பெயர்களையே பயன்படுத்தியிருக்கிறேன்.

1. பெயரை விட்டுவிட்டு எண்ணைப் பாருங்கள்

டிஸ்க்கில் எந்த ஃபைலின் மேலும் பயனர் பெயர் எழுதப்பட்டிருக்காது. ஒவ்வொரு ஃபைலின் ஐநோடிலும் (ஃபைலைப் பற்றிய விவரங்கள் இருக்கும் பதிவு) உரிமையைச் சொல்ல இரண்டு எண்கள்தான் உண்டு: யூஐடி (பயனர் எண்), ஜிஐடி (குரூப் எண்). ‘எல்எஸ்’ கட்டளை ‘அமுதா’ என்று காட்டுகிறதென்றால், அது 1001 என்ற எண்ணைப் படித்து, /இடிசி-க்குள் இருக்கும் பயனர் பட்டியலில் தேடி, பெயரை மாட்டிக் காட்டுகிறது. அதே டிஸ்க்கைக் கழற்றி வேறு கணினியில் மாட்டினால், அங்கே 1001 ‘பாரி’ என்றால், ஃபைல் பாரியுடையது என்று காட்டும். வெறும் காட்சிப் பிழை என்று நினைக்காதீர்கள். அந்தக் கணினியைப் பொறுத்தவரை அது நிஜமாகவே பாரியுடைய ஃபைல்தான்.

ஆகவே ‘எல்எஸ் -எல்என்’ என்று (கடைசியில் ‘என்’ சேர்த்து) பார்க்கும் பழக்கத்தை இன்றே தொடங்குங்கள். பெயருக்குப் பதில் எண் வரும். டெபியன், உபுண்டு, ஃபெடோரா ஆகியவற்றில் முதல் சாதாரணப் பயனருக்கு 1000. ரெட்ஹேட் 6 வரையிலான பழைய பதிப்புகளில் 500. மேக்கில் 501. ரூட் (எல்லா அதிகாரமும் உள்ள நிர்வாகிக் கணக்கு) எங்கும் 0.

இன்னொரு அடிப்படை: ஒரு ஃபைலை மற்றொருவர் பெயருக்கு மாற்ற ரூட்டால் மட்டுமே முடியும். நீங்கள் சாதாரணப் பயனராக ரீஸ்டோர் செய்தால், எவ்வளவு நல்ல மென்பொருளாக இருந்தாலும் வரும் ஃபைல் அத்தனையும் உங்களுடையதாகத்தான் வரும். எடுக்கும்போதும் இதே கதை. அடுத்தவர் ஹோமில் 600 பெர்மிஷனில் (உரிமையாளர் மட்டும் படிக்கவும் எழுதவும் முடியும்) இருக்கும் ஃபைலை ரூட் இல்லாமல் படிக்கவே முடியாது.

2. பேக்கப்போடு சேர்ந்து இருக்க வேண்டிய ஆவணங்கள்

எண்ணுக்கு அர்த்தம் கொடுக்கும் பட்டியல் இல்லாவிட்டால், பேக்கப்பில் இருப்பது வெறும் எண்கள். /இடிசி-யிலிருந்து ஆறு ஃபைல்களை ஒவ்வொரு பேக்கப்போடும் எடுத்து வையுங்கள்: பாஸ்வேர்ட் (ஃபைல் பெயரில் ‘ஓ’, ‘ஆர்’ எழுத்துகள் இருக்காது, சுருக்க வடிவம்), குரூப், ஷாடோ, ஜிஷாடோ, சப்யூஐடி, சப்ஜிஐடி. ஆறும் சேர்ந்தாலும் சில கிலோபைட்தான். ஷாடோவில் கடவுச்சொற்களின் ஹாஷ் இருப்பதால் நகலுக்கும் ரூட் மட்டும் படிக்கும் 600 பெர்மிஷன் போடுங்கள். பேக்கப் டிஸ்க் வீட்டையோ அலுவலகத்தையோ விட்டு வெளியே போகுமென்றால் லக்ஸ் போன்ற என்கிரிப்ஷன் கட்டாயம்.

‘ஒருமுறை எடுத்தால் போதாதா, பயனர்கள் அடிக்கடி மாறுவதில்லையே’ என்று தோன்றும். போதாது. ‘யூசர்ஆட்’ புதுப் பயனருக்கு எண் கொடுக்கும்போது, ஏற்கெனவே இருக்கும் எண்களில் பெரியதற்கு அடுத்ததைத்தான் எடுக்கும். கடைசியாகச் சேர்ந்த 1004-ஐ நீக்கிவிட்டுப் புதியவரைச் சேர்த்தால் அவருக்கும் 1004தான். ஆறு மாதம் முந்தைய பேக்கப்பைத் திருப்பினால், போனவரின் ஃபைல்கள் வந்தவரின் கைக்குப் போகும். இதைத் தவிர்க்க எளிய வழி, போகிறவரின் கணக்கை நீக்காமல் பூட்டி வைப்பது. நீக்கியே ஆக வேண்டுமென்றால், புதியவருக்கு எண்ணை நீங்களே குறிப்பிட்டுக் கொடுங்கள்.

ஏழாவது ஆவணம் ஒன்று உண்டு. பலருக்கு இது தெரியாது, ஆனால் என் கணக்கில் இதுதான் மலிவான காப்பீடு:

சூடோ கெட்எஃப்ஏசிஎல் --ரிகர்சிவ் --நியூமெரிக் --ஆப்சல்யூட்-நேம்ஸ் /ஹோம் > உரிமை-பட்டியல்

முன்னால் உள்ள ‘சூடோ’ கட்டளையை ரூட்டாக ஓட வைக்கும். பெயரைப் பார்த்து ஏசிஎல் (குறிப்பிட்ட ஆட்களுக்குத் தனியாகக் கொடுக்கும் கூடுதல் அனுமதிப் பட்டியல்) மட்டும்தான் எடுக்கும் என்று நினைக்க வேண்டாம். ஒவ்வொரு ஃபைலுக்கும் உரிமையாளர், குரூப், பெர்மிஷன் எல்லாம் இந்த டெக்ஸ்ட் ஃபைலில் விழும். பின்னால் எப்போதாவது உரிமை கலைந்தால், ரூட்டாக ‘செட்எஃப்ஏசிஎல் --ரீஸ்டோர்=உரிமை-பட்டியல்’ என்று ஓட்டினால் போதும், உரிமையாளரையும் சேர்த்துத் திருப்பிவிடும். யாராவது தவறுதலாக /ஹோம் முழுவதையும் தன் பெயருக்கு மாற்றிவிட்டால், டெராபைட் கணக்கில் ரீஸ்டோர் செய்யத் தேவையில்லாமல் இந்த ஒரு ஃபைலே மீட்டுவிடும். ‘ஆப்சல்யூட்-நேம்ஸ்’ ஆப்ஷனை விட்டுவிட்டால் பாதையின் முதல் சாய்கோடு பட்டியலில் இருக்காது. அப்போது ரீஸ்டோரை ரூட் டைரக்டரியில் நின்றுகொண்டுதான் ஓட்ட வேண்டும், இல்லையென்றால் ‘அப்படி ஃபைலே இல்லை’ என்று வரிசையாகப் பிழை கொட்டும்.

3. டிஸ்க்குக்கு உரிமையாளர் என்றால் என்னவென்று தெரியுமா?

பெட்டியிலிருந்து எடுத்த வெளி ஹார்ட் டிஸ்க் பெரும்பாலும் எக்ஸ்ஃபேட் அல்லது என்டிஎஃப்எஸ் ஆக ஃபார்மட் செய்யப்பட்டிருக்கும். ஃபேட்32-க்கும் எக்ஸ்ஃபேட்டுக்கும் உரிமையாளரை எழுதி வைக்க இடமே கிடையாது. மவுன்ட் செய்தவரின் எண்ணையே எல்லா ஃபைலுக்கும் காட்டும். என்டிஎஃப்எஸ் விண்டோஸின் எஸ்ஐடி (ஒவ்வொரு கணக்குக்கும் உள்ள நீண்ட அடையாள எண்) முறையில் உரிமையை வைத்துக்கொள்ளும். லினக்ஸில் சாதாரணமாக மவுன்ட் செய்தால் லினக்ஸ் எண்கள் அதில் போய் உட்காராது.

வழி இரண்டு. டிஸ்க்கை பேக்கப்புக்கு மட்டுமே வைத்துக்கொள்ள முடியுமென்றால் இஎக்ஸ்டி4 ஆக ஃபார்மட் செய்துவிடுங்கள். விண்டோஸிலும் மாட்ட வேண்டிய டிஸ்க் என்றால் ஃபைல்களைத் தனித்தனியாக நகலெடுக்காமல் ஒரே டார் ஃபைலாக்கி (பல ஃபைல்களை ஒன்றாகக் கட்டும் தொகுப்பு) போடுங்கள்; உரிமைத் தகவல் டாருக்குள் பத்திரமாக இருக்கும். ஃபேட்32 என்றால் ஒரு ஃபைல் 4 ஜிபியைத் தாண்டக் கூடாது, ‘ஸ்ப்ளிட்’ கட்டளையால் துண்டு போட வேண்டும்.

புதிதாக ஃபார்மட் செய்த இஎக்ஸ்டி4 டிஸ்க்கின் மேல்மட்ட ஃபோல்டர் ரூட்டுக்குச் சொந்தமாக இருக்கும். ‘பெர்மிஷன் டினைட்’ வந்ததும் இணையத்தில் தேடி, டிஸ்க் முழுவதையும் தன் பெயருக்கு மாற்றும் ‘சிஹெச்ஓன்’ கட்டளையை அடிக்கிறவர்கள் அதிகம். காலி டிஸ்க்கில் செய்தால் பாதகமில்லை. பேக்கப் இருக்கும் டிஸ்க்கில் செய்தால் நான்கு பேர் உரிமையும் ஒரு நொடியில் காலி.

நெட்வொர்க் வழியாகப் போகிறவர்களுக்கு: என்எஃப்எஸ் சர்வரில் ‘ரூட் ஸ்குவாஷ்’ இயல்பாகவே போடப்பட்டிருக்கும். உங்கள் ரூட் அங்கே 65534 (நோபடி) ஆகிவிடும், உரிமையாளரை மாற்றும் அதிகாரமும் போய்விடும். சாம்பா பகிர்வைச் சாதாரணமாக மவுன்ட் செய்தால் எல்லாம் மவுன்ட் செய்தவரின் எண்ணில்தான் தெரியும். இரண்டு இடத்துக்கும் நேரடி நகலைவிட டார் உத்தமம்.

4. இரண்டு நிமிடச் சோதனை

முழு பேக்கப்பை ஓட்டுவதற்கு முன் ஒரு சின்ன ஃபோல்டரில் மூன்று காலி ஃபைல்களை உருவாக்குங்கள். ரூட்டாக, முதலாவதை 1001-க்கும், இரண்டாவதை 1002-க்கும், மூன்றாவதை 54321 என்ற எண்ணுக்கும் ‘சிஹெச்ஓன்’ செய்யுங்கள் (குரூப்பும் அதே எண்ணுக்கு மாற, 1001:1001 என்ற வடிவில்). 54321 என்று உங்கள் கணினியில் யாரும் இருக்கக் கூடாது, அதுதான் வேண்டும். இப்போது இந்த ஃபோல்டரை, பேக்கப் எப்படிப் போகப்போகிறதோ அப்படியே அனுப்பி, திருப்பி எடுத்து, ‘எல்எஸ் -எல்என்’ போட்டுப் பாருங்கள். வர வேண்டியது:

1001 1001 முதல்
1002 1002 இரண்டாம்
54321 54321 மூன்றாம்

வேறு ஏதாவது வந்தால், வந்த எண்ணே நோயைச் சொல்லிவிடும். மூன்றும் உங்கள் சொந்த எண்ணில் வந்தால், சூடோ போடவில்லை அல்லது டிஸ்க் எக்ஸ்ஃபேட். மூன்றும் 0 என்றால், சூடோவோடு வெறும் ‘சிபி -ஆர்’ அடித்திருக்கிறீர்கள். ரூட் உருவாக்கிய புது நகல் ரூட்டுக்கே சொந்தம். 65534 என்றால் ரூட் ஸ்குவாஷ். முதல் இரண்டும் மாறி மூன்றாவது மட்டும் சரியாக வந்தால், மறுமுனையில் பெயரைப் பார்த்து எண் மாற்றப்பட்டிருக்கிறது. அடுத்த படி அதைப் பற்றித்தான்.

5. ஆர்சிங்க் கொண்டு எடுப்பது

சூடோ ஆர்சிங்க் --ஆர்கைவ் --ஹார்ட்-லிங்க்ஸ் --ஏசிஎல்ஸ் --எக்ஸ்ஆட்டர்ஸ் --நியூமெரிக்-ஐடிஸ் /ஹோம்/ /பேக்கப்/ஹோம்/

ஆர்சிங்க் என்பது ஃபோல்டர்களை நகலெடுத்து ஒத்திசைக்கும் கருவி. அதில் ‘ஆர்கைவ்’ போட்டால் எல்லாம் வந்துவிடும் என்ற நம்பிக்கை பரவலாக இருக்கிறது. உரிமையாளர், குரூப், பெர்மிஷன், நேரம், சிம்லிங்க் வரும். ஹார்ட் லிங்க் (ஒரே ஃபைலுக்கு இருக்கும் இன்னொரு பெயர்), ஏசிஎல், எக்ஸ்ஆட்டர் (ஃபைலோடு ஒட்டிவைக்கும் கூடுதல் குறிப்புகள்) மூன்றும் வராது, தனியாகக் கேட்க வேண்டும். அதோடு, உரிமையாளரைக் காப்பது பெறும் பக்கம் ரூட்டாக ஓடினால் மட்டும்தான். இல்லையென்றால் ஆர்சிங்க் முணுமுணுக்கக்கூட இல்லாமல் அந்த வேலையை விட்டுவிடும்.

‘நியூமெரிக்-ஐடிஸ்’ ஏன்? அது இல்லாவிட்டால் ஆர்சிங்க் பெயரைப் பொருத்தப் பார்க்கும். இங்கே அமுதா 1001, பேக்கப் சர்வரில் அமுதா 1004 என்றால் அங்கே 1004 என்று எழுதும். சர்வரில் அமுதா என்ற பெயரே இல்லையென்றால் 1001 என்றே விடும், அங்கே 1001 வேறு யாராகவோ இருக்கலாம். சில ஃபைல் மாறி, சில ஃபைல் மாறாமல் ஒரு கலவை உருவாகும். ரீஸ்டோர் நாளில் அந்த சர்வரின் பயனர் பட்டியலும் கையில் இல்லையென்றால் முடிச்சை அவிழ்க்க முடியாது. எடுக்கும்போது எப்போதும் எண். பெயரா எண்ணா என்ற கேள்வியை ரீஸ்டோருக்கு ஒத்திவையுங்கள்.

தினமும் ‘லிங்க்-டெஸ்ட்’ ஆப்ஷனோடு (மாறாத ஃபைலை முந்தைய நகலோடு ஹார்ட் லிங்க் செய்வது) ஸ்னாப்ஷாட் எடுப்பவர்கள் இரண்டு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். முதலாவது செலவு: உரிமையாளர் மட்டும் மாறினாலும் ஆர்சிங்க் பழைய ஃபைலோடு லிங்க் செய்யாது, முழு நகல் எடுக்கும். 300 ஜிபி ஃபோல்டரின் குரூப்பை நேற்று மாற்றியிருந்தால், இன்றைய ஸ்னாப்ஷாட் இன்னொரு 300 ஜிபி கேட்கும். டிஸ்க் திடீரென்று நிரம்பினால் முதலில் இதைச் சந்தேகியுங்கள். இரண்டாவது ஆபத்து: ஸ்னாப்ஷாட்டுகள் ஒரே ஐநோடைப் பகிர்கின்றன. செவ்வாய்க்கிழமை ஸ்னாப்ஷாட்டில் போய் ஒரு ஃபைலின் உரிமையாளரை ‘சரி’ செய்தால், அதோடு லிங்க் ஆன எல்லா நாள்களிலும் அது மாறிவிடும். பேக்கப்புக்குள் கை வைக்காதீர்கள். திருத்தம் எல்லாம் ரீஸ்டோர் செய்த நகலில்.

6. மறுமுனையில் ரூட் கிடைக்காதபோது

‘ஆர்சிங்க்-பாத்’ ஆப்ஷனில் ‘சூடோ ஆர்சிங்க்’ என்று கொடுத்து மறுமுனையில் ரூட்டாக ஓட வைக்கலாம். ஆனால் அதற்குக் கடவுச்சொல் கேட்காத சூடோ அனுமதி வேண்டும். ஆர்சிங்க்கை ரூட்டாக ஓட்ட முடிகிறவர் அந்த சர்வரில் எந்த ஃபைலையும் எழுதலாம் என்பதால், அது கிட்டத்தட்ட ரூட் சாவியையே கொடுப்பது மாதிரி.

அதைவிடப் பாதுகாப்பானது ‘ஃபேக்-சூப்பர்’. மறுமுனையில் ஃபைல்கள் எல்லாம் பேக்கப் கணக்கின் பெயரில்தான் இருக்கும். உண்மையான யூஐடி, ஜிஐடி, பெர்மிஷன் ஒவ்வொரு ஃபைலின் எக்ஸ்ஆட்டரிலும் எழுதி வைக்கப்படும். அனுப்பும் கட்டளையில் ‘--ரிமோட்-ஆப்ஷன்=--ஃபேக்-சூப்பர்’ என்று சேர்த்தால் மறுபக்கம் மட்டும் இது பொருந்தும். மூன்று நிபந்தனை:

மறுமுனை டிஸ்க் எக்ஸ்ஆட்டரை ஏற்க வேண்டும் (இஎக்ஸ்டி4-இல் பிரச்சினை இல்லை). திருப்பி எடுக்கும்போதும் அதே ரிமோட் ஆப்ஷனைக் கொடுத்து, உங்கள் பக்கம் ரூட்டாக ஓட்ட வேண்டும். சாதாரண ‘எஸ்சிபி’ போட்டு இழுத்தால் எல்லாம் உங்கள் பெயரில்தான் வரும். அந்த பேக்கப்பையே இன்னொரு டிஸ்க்குக்கு நகலெடுப்பதாக இருந்தால், ‘எக்ஸ்ஆட்டர்ஸ்’ ஆப்ஷனை இரண்டு முறை எழுத வேண்டும். ஒருமுறை மட்டும் எழுதினால் ஆர்சிங்க் தன்னுடைய இந்தச் சிறப்புக் குறிப்புகளை நகலெடுக்காது. இரண்டாம் நகல் பார்க்க முழுதாக இருக்கும், உள்ளே ஆள் விவரம் இருக்காது.

எடுக்கும் பக்கத்திலும் முழு ரூட் கொடுக்க விருப்பமில்லை என்றால், பேக்கப் மென்பொருளுக்கு ‘கேப் டேக் ரீட் சர்ச்’ என்ற கேப்பபிலிட்டியை (ரூட் அதிகாரத்தின் ஒரு சிறு பகுதி) மட்டும் ‘செட்கேப்’ மூலம் கொடுக்கலாம். எல்லாவற்றையும் படிக்கும், எதையும் எழுதாது. அந்தப் புரோகிராமைப் பேக்கப் கணக்கு மட்டும் ஓட்டும்படி பெர்மிஷனை இறுக்கிவிடுங்கள். இல்லாவிட்டால் யார் வேண்டுமானாலும் அதை வைத்து யாருடைய ஃபைலையும் படிக்கலாம்.

7. டார் கொண்டு எடுப்பது

சூடோ டார் --கிரியேட் --ஏசிஎல்ஸ் --எக்ஸ்ஆட்டர்ஸ் --ஃபைல்=/பேக்கப்/ஹோம்.டார் --டைரக்டரி=/ ஹோம்

டாருக்கு ஆர்சிங்க்கிடம் இல்லாத ஒரு நன்மை உண்டு: ஒவ்வொரு ஃபைலுக்கும் பெயர், எண் இரண்டையும் சேர்த்து எழுதி வைக்கும். அதனால் உருவாக்கும்போது ‘நியூமெரிக்-ஓனர்’ போடாதீர்கள். போட்டால் பெயர் எழுதப்படாமல் போய்விடும், பின்னால் தேர்வு செய்ய வாய்ப்பு இருக்காது. அந்த ஆப்ஷன் பிரிக்கும்போது பயன்படுத்த வேண்டியது.

பிரிக்கும்போது ரூட்டாக இருந்தால் டார் தானாகவே உரிமையாளரைத் திருப்பும், ஆனால் பெயருக்குத்தான் முதலிடம். அந்தப் பெயர் கணினியில் இல்லாவிட்டால் மட்டுமே எண். எக்ஸ்ஆட்டரிலும் ஒரு கண்ணி இருக்கிறது: பிரிக்கும்போது இயல்பாக ‘யூசர்’ வகை மட்டும்தான் திரும்பும். ‘பிங்’ போன்ற புரோகிராம்களின் கேப்பபிலிட்டியும் திரும்ப வேண்டுமென்றால் ‘--எக்ஸ்ஆட்டர்ஸ்-இன்க்ளூட்’ ஆப்ஷனில் நட்சத்திரக் குறியைக் கொடுக்க வேண்டும். /ஹோம் மட்டும் என்றால் இது தேவைப்படாது.

போர்க் பேக்கப்பும் பெயர், எண் இரண்டையும் சேமிக்கும். திருப்பும்போது ‘நியூமெரிக்-ஐடிஸ்’ கொடுத்தால் எண்ணை மட்டும் பார்க்கும். ரெஸ்டிக் என்ற பேக்கப் மென்பொருள் இயல்பாக எண்ணை வைத்தே திருப்பும். இரண்டிலும் ரூட்டாகத் திருப்ப வேண்டும் என்ற விதியில் மாற்றமில்லை.

8. ரீஸ்டோர்: பெயரா, எண்ணா?

இங்கேதான் நிதானம் வேண்டும். மூன்று நிலைமைகளைப் பிரித்துப் பாருங்கள்.

கணினி முழுவதையும், /இடிசி உட்பட, அப்படியே திருப்புகிறீர்கள்: எண். லைவ் யூஎஸ்பியில் பூட் செய்து வேலை செய்யும்போது இது மிக முக்கியம். லைவ் யூஎஸ்பிக்கென்று தனிப் பயனர் பட்டியல் இருக்கிறது. டாரை ‘நியூமெரிக்-ஓனர்’ இல்லாமல் பிரித்தால் சிஸ்டம் பயனர்களின் பெயர்களை அந்தப் பட்டியலோடு பொருத்தி, தவறான எண்களை டிஸ்க்கில் எழுதிவிடும். உங்கள் நான்கு பயனர்களும் அங்கே இல்லாததால் அவர்களுக்கு எண் சரியாக வரும், மெயில், டேட்டாபேஸ், பிரிண்டர் சர்வீஸ்களுக்கு மட்டும் மாறும். பாதி சரியாக இருப்பதால் காரணத்தைக் கண்டுபிடிப்பதும் கஷ்டம்.

புதுக் கணினி, இன்னும் பயனர்களை உருவாக்கவில்லை: பழைய பட்டியலைப் பார்த்து அதே எண்களில் பயனர்களையும் குரூப்களையும் முதலில் உருவாக்குங்கள். ‘குரூப்ஆட் --ஜிஐடி 1001 அமுதா’, பிறகு ‘யூசர்ஆட் --யூஐடி 1001 --ஜிஐடி 1001 அமுதா’. ஐந்து நிமிட வேலை. அதன்பின் எண்ணை வைத்துத் திருப்பினால் மேப்பிங் தலைவலியே இல்லை. முடிந்தவரை இந்த வழிக்கே வாருங்கள். பழைய பாஸ்வேர்ட் ஃபைலை அப்படியே புதியதன்மேல் எழுதுவது மட்டும் கூடாது. 100 முதல் 999 வரையிலான சிஸ்டம் எண்கள் பேக்கேஜ் நிறுவப்பட்ட வரிசையைப் பொறுத்து அமைபவை, இரண்டு கணினியில் ஒன்றாக இருக்காது.

புதுக் கணினியில் ஏற்கெனவே ஆட்கள் இருக்கிறார்கள், எண்கள் மோதுகின்றன: டார் என்றால் பெயர்வழி திருப்பலாம். ஆர்சிங்க் பேக்கப் டிஸ்க் என்றால் பெயர்வழி என்று ஒன்றே கிடையாது. டிஸ்க்கில் எண் மட்டும்தான் இருக்கிறது, அதற்குப் பெயர் மாட்டுவது புதுக் கணினியின் பட்டியல். எனவே மேப்பை நீங்களே எழுத வேண்டும்:

--யூசர்மேப்=1001:1004,1002:1001 --குரூப்மேப்=1001:1004,1002:1001

இடப்பக்கம் பழைய எண், வலப்பக்கம் புது எண். இடப்பக்கத்தை நிரப்ப உதவுவதுதான் 2-ஆம் படியில் எடுத்த பட்டியல். யூசர்மேப்பை எழுதிவிட்டு குரூப்மேப்பை மறப்பது சகஜம். டெபியன் வகைகளில் ஒவ்வொருவருக்கும் தன் எண்ணிலேயே ஒரு குரூப் இருப்பதால், மறந்தால் பாரியின் குரூப்புக்கு அமுதாவின் ஃபைல்கள் திறந்திருக்கும். இந்த ஆப்ஷன்கள் ஆர்சிங்க் 3.1.0 (2013) முதல்தான் உண்டு. மேக்கில் வெகுகாலம் இருந்த 2.6.9 பதிப்பில் கிடையாது.

கன்டெய்னர் ஓட்டுபவர்களுக்கு ஒரு வரி: வால்யூமுக்குள் இருக்கும் எண்ணை வெளிக் கணினியின் பெயரோடு பொருத்தவே கூடாது. போஸ்ட்கிரெஸின் அதிகாரபூர்வ இமேஜ் டெபியன் வகையில் 999, ஆல்பைன் வகையில் 70. இமேஜின் வகையை மாற்றிவிட்டுப் பழைய வால்யூமைத் திருப்பினால் டேட்டாபேஸ் எழும்பாமல் போகலாம். ரூட்லெஸ் கன்டெய்னர் என்றால் எண்கள் பெரும்பாலும் 1,00,000-க்கு மேல் இருக்கும். அந்த எண்களைப் புரிந்துகொள்ளத்தான் சப்யூஐடி, சப்ஜிஐடி ஃபைல்கள்.

9. ஏற்கெனவே கலந்துவிட்டதா?

ஒரு எண்ணை மட்டும் மாற்ற: ‘சிஹெச்ஓன் --ரிகர்சிவ் --ஃப்ரம்=1001 1004 /ஹோம்’. 1001 ஆக இருப்பவை மட்டும் மாறும், மற்றவை தொடப்படாது. குரூப்புக்கு இதேபோல் இன்னொரு முறை.

இரண்டு எண்களை இடம் மாற்ற வேண்டியிருக்கும்போது கவனம். முதலில் 1001-ஐ 1002 ஆக்கி, பிறகு 1002-ஐ 1001 ஆக்கினால், இருவர் ஃபைலும் 1001-இல் போய்ச் சேரும். அதற்குப் பிறகு பிரிக்க வழியே இல்லை. நடுவில் யாருக்கும் இல்லாத ஓர் எண்ணை வையுங்கள்: 1001-ஐ 61001 ஆக்கி, 1002-ஐ 1001 ஆக்கி, கடைசியில் 61001-ஐ 1002 ஆக்குங்கள். ஆர்சிங்க்கின் யூசர்மேப் இதை ஒரே நடையில் செய்துவிடும் என்பதால் அங்கே இந்தச் சிக்கல் இல்லை.

‘சிஹெச்ஓன்’ ஓடும்போது புரோகிராம்களின் செட்யூஐடி பிட் (யார் ஓட்டினாலும் உரிமையாளரின் அதிகாரத்தோடு ஓட வைக்கும் குறி) அழிந்துபோகும். சிஸ்டம் ஃபோல்டர்களில் அதை ஓட்டினால் சூடோவே வேலை செய்யாமல் போகலாம். /ஹோமோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

‘யூசர்மோட் --யூஐடி’ கொண்டு ஒருவரின் எண்ணை மாற்றினால் அவருடைய ஹோமுக்குள் இருக்கும் ஃபைல்களும் மெயில்பாக்ஸும் தானாக மாறும். வெளியே இருக்கும் மற்றவை, அதாவது பகிர்ந்த ஃபோல்டரில் அவர் போட்டவை, க்ரான் பட்டியல், பழைய எண்ணிலேயே தங்கிவிடும். ‘ஃபைண்ட் / -எக்ஸ்டெவ் -நோயூசர்’ போட்டால் சொந்தக்காரர் இல்லாமல் நிற்பவை வரிசையாக வரும்.

10. விண்டோஸ், மேக்: சுருக்கமாக

விண்டோஸில் ‘ரோபோகாப்பி’ இயல்பாகத் தரவு, ஆட்ரிப்யூட், நேரம் மட்டும் எடுக்கும். ‘/செக்’ போட்டால் பெர்மிஷன் வரும், உரிமையாளர் வராது. ‘/காப்பிஆல்’ வேண்டும், அட்மினாக, ‘/பி’ என்ற பேக்கப் முறையோடு, என்டிஎஃப்எஸ் டிஸ்க்குக்கு. ‘ஐகேக்ல்ஸ் /சேவ்’ பெர்மிஷனை மட்டும் சேமிக்கும், உரிமையாளரைச் சேமிக்காது. உள்ளூர்க் கணக்குகளின் எஸ்ஐடி கணினிக்குக் கணினி வேறு என்பதால், ஒரே பெயரில் கணக்கு இருந்தாலும் வேறு கணினியில் நீண்ட எண்ணாகத்தான் தெரியும். அங்கே ‘ஐகேக்ல்ஸ் /செட்ஓனர்’ போட்டு ஒவ்வொருவருக்கும் கொடுக்க வேண்டியதுதான். டொமைன் கணக்குகளுக்கு இந்தத் தொல்லை இல்லை.

மேக்கில் வெளி டிஸ்க்கின் தகவல் சன்னலில், இந்த வால்யூமில் உரிமையைப் பொருட்படுத்த வேண்டாம் என்று ஒரு டிக் பெட்டி இருக்கும். அதை எடுத்துவிட்டுத்தான் பேக்கப் தொடங்க வேண்டும்.

11. சரிபார்ப்பது

மூலத்திலும் நகலிலும் அந்தந்த ஃபோல்டருக்குள் போய், ரூட்டாக இதை ஓட்டுங்கள்:

ஃபைண்ட் . -பிரிண்ட்எஃப் '%யூ\என்' | சார்ட் | யூனிக் -சி

சதவீதக் குறிக்குப் பிறகு வருவது பெரிய எழுத்து ‘யூ’, மற்றவை சிறியவை. ஒவ்வொரு யூஐடிக்கும் எத்தனை ஃபைல் என்று ஒரு வரி வரும். நான்கு பேர் இருக்கும் கணினியில் ஒரே வரி வந்தால் மேலே பார்க்கவே வேண்டாம், உரிமை போய்விட்டது. வரிகள் ஒத்துப்போனால் அடுத்த கட்டம்: அதே கட்டளையில் '%யூ:%ஜி %எம் %பி\என்' என்று கொடுத்து (யூ, ஜி பெரியது, எம், பி சிறியது), சார்ட் செய்து, இரண்டு ஃபைலில் சேமித்து ‘டிஃப்’ போடுங்கள். உரிமையாளர், குரூப், பெர்மிஷன் எது மாறியிருந்தாலும் ஃபைல் பெயரோடு வரும். பகிர்ந்த ஃபோல்டர்களில் 2770 என்று இருந்தது 770 ஆகியிருந்தால் செட்ஜிஐடி பிட் (புது ஃபைல்களுக்கு ஃபோல்டரின் குரூப்பையே கொடுக்கும் குறி) விழுந்துவிட்டது. அந்த ஃபோல்டரில் இனி உருவாகும் ஃபைல்கள் பொதுக் குரூப்புக்குப் போகாமல் தனிநபர் குரூப்புக்குப் போகும்.

உள்ளடக்கத்தைப் படிக்காமல் ஐநோடை மட்டும் பார்ப்பதால், பேக்கப் மணிக்கணக்கில் ஓடினாலும் இந்தச் சோதனை சீக்கிரம் முடியும். பயனர்கள் வேலை செய்யாத நேரத்தில், பேக்கப் முடிந்த கையோடு ஓட்டுங்கள். இல்லையென்றால் நடுவில் உருவான ஃபைல்கள் எல்லாம் வித்தியாசமாக வந்து குழப்பும். ரீஸ்டோருக்குப் பிறகு கடைசியாக, ஒவ்வொரு பயனராகவும் ‘சூ’ போட்டு நுழைந்து, அவர் ஹோமில் ஒரு ஃபைலை உருவாக்கிப் பாருங்கள், அடுத்தவர் ஹோமில் ஒன்றைத் திறக்க முயன்று பாருங்கள். முதலாவது நடக்க வேண்டும், இரண்டாவது மறுக்கப்பட வேண்டும். எஸ்எஸ்ஹெச் சாவியால் நுழைபவர்களை அப்படியே நுழையச் சொல்லுங்கள். சாவி ஃபைல் வேறொருவர் எண்ணில் இருந்தால் எஸ்எஸ்ஹெச் சர்வர் அதை ஏற்காது, பயனருக்குக் காரணமும் சொல்லாது, சர்வரின் லாகில் மட்டும் ஒரு வரி கிடக்கும்.